பழைய வீட்டைப் புதுப்பிக்கப் பணம் எங்கே கிடைக்கும்? வடார்க்காட்டு வீட்டுக்காரர்களுக்கு

வாலாஜாப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், வேலூர் சைதாப்பேட்டை, வாணியம்பாடி என்று எந்த ஊர்ப் பழைய தெருவில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். "தாத்தா கட்டின வீடு. மெட்ராஸ் டெரஸ் (உத்தரக் கட்டைக்கு மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை). மழைக்கு ஒழுகுது. கவர்மென்ட்ல ஏதாவது மானியம் உண்டா?"

கிடையாது. தனியார் பெயரில் உள்ள, ஆட்கள் குடியிருக்கும் பழைய வீட்டைச் சரிசெய்ய நேரே கையில் தரும் மானியம் எதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய இந்த மூன்று மாவட்டங்களிலும் இல்லை. தொல்லியல் துறை தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத்தான் செலவு செய்யும். 1984-ல் தொடங்கிய இன்டாக் அமைப்பு பழைய கட்டடங்களைப் பட்டியலிடும், ஆலோசனை சொல்லும்; வீட்டுக்காரருக்குக் காசோலை எழுதுவது அதன் வேலை இல்லை. பாரம்பரிய நகரங்களுக்கான மத்திய அரசின் ஹிருதய் திட்டம் 12 ஊர்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும்தான் அதில் இருந்தன, 2019-ல் அதுவும் முடிந்துவிட்டது. வேலூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது; அந்தப் பணம் ரோட்டுக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும். பிரதமர் வீட்டுத் திட்டமோ வேறெங்கும் பக்கா வீடு இல்லாதவர்களுக்கு. தேக்குத் தூண் நிற்கும் வீட்டை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது என்பது உண்மை. அதில் பணம் வரும் என்று நம்பிக் கூரை ஓட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆக, பணம் நாலைந்து இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும்: வங்கி, உறவு, போகியம், வாடகை. இவற்றில் எதைத் தொடுவதற்கும் முன்னால் இரண்டு காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பத்திரம், மற்றொன்று எஸ்டிமேட். பணம் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் இந்த இரண்டில் ஒன்று இல்லை.

பத்திரம்

பழைய வீட்டின் பத்திரம் பெரும்பாலும் தாத்தா பெயரில், சில சமயம் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும். சொத்து வரி ரசீது அப்பா பெயரில் வரும், மின் இணைப்பு பெரியப்பா பெயரில் இருக்கும். வங்கி கேட்பது மூலப்பத்திரம், அங்கிருந்து இன்றைக்கு வரை விட்டுப்போகாத தொடர், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று. வில்லங்கம் பெரும்பாலும் 30 ஆண்டுக்குக் கேட்பார்கள். இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் கையெழுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். ஊருக்குள் நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா. பத்திரத்தில் உள்ள அளவும் பதிவேட்டில் உள்ள அளவும் பழைய தெருக்களில் பொருந்துவதே அபூர்வம். பொதுச்சுவர், சந்து, பின்பக்கத்துக் கிணறு என்று ஏதாவது ஒன்று இழுக்கும். சர்வேயரை வைத்து அளந்து, கடன் மனு போடும் முன்பே அதைத் திருத்திவிடுங்கள்.

அடுத்தது வாரிசு. "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துல சீர் செஞ்சாச்சே" என்பது வங்கி வழக்கறிஞரிடம் எடுபடாது. 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ல் மத்தியத் திருத்தம், 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வந்த பிறகு மகள்களின் கையெழுத்து இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்து வீடுகளில் ஷரீஅத் பங்குப்படி மகள்களுக்கும் மனைவிக்கும் உரிய பாகம் உண்டு, அதே கதைதான். ஒருவர் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதோ பாகப்பிரிவினை செய்வதோ முதல் வேலை. குடும்பத்துக்குள் எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இது 2023 ஜூலையில் ஏறிய கணக்கு. 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வராத உறவென்றால் கட்டணம் கூடும். எழுதும் முன் ஆவண எழுத்தரிடம் உறவுமுறையை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவைப் புதுப்பிப்புக் கணக்கின் முதல் வரியாக எழுதுங்கள். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பழைய கோயில் தெருக்களில் வீடு நம்முடையது, மனை கோயிலுடையது என்ற ஏற்பாடு இருக்கும். அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். நவாப் காலத்து ஊர்களில் வக்ஃப் பட்டியலில் சர்வே எண் இருக்கும். அப்படிப்பட்ட எண்ணுக்குப் பதிவுத்துறை 'ஜீரோ வேல்யூ' போட்டு வைத்திருந்தால் பத்திரப்பதிவே நடக்காது, அடமானமும் நடக்காது. வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் உங்கள் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே பூஜ்யம் இருந்தால் வங்கிக்கு நடையாய் நடப்பது வீண். அறநிலையத் துறையிலோ வக்ஃப் வாரியத்திலோ முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடமானம் இல்லாத பணத்தை வைத்துத்தான் வேலையை நடத்த வேண்டும்.

எஸ்டிமேட்

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். 80 வருடக் கட்டடத்துக்குத் தேய்மானம் போட்டால் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று எழுதுவார். கூடத்தில் நிற்கும் தேக்குத் தூணுக்கு அவர் படிவத்தில் இடமில்லை. ஆகவே கடன் என்பது மனையின் மதிப்பை வைத்துத்தான். இதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கட்டடத்தின் 'மீதி ஆயுள்'. கடன் காலத்தைவிட அது குறைவு என்று எழுதிவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்டு இன்ஜினியர்) ஒருவரிடம் கட்டட உறுதிச் சான்று முன்கூட்டியே வாங்கி, மதிப்பீட்டாளர் வரும் அன்றே கையில் கொடுங்கள். புதுப்பித்த பிறகு எத்தனை ஆண்டு நிற்கும் என்ற வரி அதில் தெளிவாக இருக்கட்டும்.

எஸ்டிமேட்டில் "மேற்கூரை வேலை: மொத்தமாக 4 லட்சம்" என்று எழுதினால் திரும்பி வரும். அளவும் விலையும் தனித்தனியாக வேண்டும். சுண்ணாம்பு வேலைக்கு விலை எங்கே பிடிப்பது என்று இளம் பொறியாளர்கள் கையை விரிப்பார்கள். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலிலேயே அடிப்படை இருக்கிறது: 20 மி.மீ. செங்கல் ஜல்லி, மணல் கலக்காத நீற்றிய சுண்ணாம்பு, 32-க்கு 12½ என்ற கன அளவில் கலந்து, மரக்கட்டையால் அடித்து இறுக்குவது. கான்கிரீட் கூரைக்கு மேல் போடும் தளத்துக்காக உள்ள ஐட்டம்தான், ஆனால் மெட்ராஸ் டெரஸுக்கும் பொருளும் கூலியும் அதுவே. அந்த ஐட்டத்தின் பெயரிலேயே எழுதினால் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்க மாட்டார்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். 400 சதுர அடிக் கூடத்தின் கூரை. உத்தரக் கட்டைகளுக்கு மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள டெரஸ் செங்கலைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்க வேண்டும். அரை அங்குலச் சந்து விட்டால் சதுர அடிக்கு 15 கல். 6,000 கல், உடைசலுக்குப் பத்தில் ஒன்று சேர்த்தால் 6,600. அதன் மேல் அடித்து இறுக்கிய பிறகு 4 அங்குலம் நிற்கும் ஜல்லித் தளம் என்றால் 133 கன அடி. அந்த அளவு ஜல்லிக்கு 52 கன அடி சுண்ணாம்பு. அடிக்க அடிக்க இறங்கும் என்பதால் ஜல்லியைக் கொஞ்சம் கூட்டியே இறக்குங்கள். அதற்கு மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்க வேண்டும். இப்படி எழுதிய எஸ்டிமேட்டில் எந்த வரியிலும் பேரம் பேசலாம். மொத்தத் தொகையில் யாரோடு பேரம் பேசுவது?

இந்த இடத்தில் மேஸ்திரி ஒரு மலிவான யோசனை சொல்வார்: "மேல ரெண்டு இன்ச் சிமென்ட் காங்கிரீட் போட்டுட்டா முடிஞ்சுது சார்." அதே 400 சதுர அடியில் அது நான்கு டன்னுக்கு மேல் எடை. பழைய மரம் அதைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, கீழே சிக்கிய ஈரம் எங்கே போகும் என்பது. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. சிக்கிய ஈரம் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைக்குப் போய்ச் சேரும். வெளியே பார்த்தால் கட்டை கருங்காலி மாதிரி இருக்கும், சுவருக்குள் ஆறு அங்குலம் மட்டும் உளுத்துப் போயிருக்கும். கடன் வாங்கிச் செய்த வேலை, கடன் அடையும் முன்பே கூரையைக் கீழே கொண்டுவரும்.

ஆகவே எஸ்டிமேட் போடும் முன் ஒவ்வொரு உத்தரமும் சுவரில் ஏறும் இடத்தில் பூச்சைக் கொத்திவிட்டு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டையை 'மாற்ற வேண்டியது' என்ற கணக்கில் சேருங்கள். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டோடு இணையுங்கள். இதைச் செய்யாத வீடுகளில் கூரையைப் பிரித்த பிறகுதான் கணக்கு இரட்டிப்பாகிறது. நடுவில் வங்கி கூடுதல் கடன் தருவது ரொம்பச் சிரமம். எவ்வளவு பார்த்தாலும் மறைந்திருப்பது மறைந்துதான் இருக்கும், 15 முதல் 20 சதவீதம் கைவசம் வைத்திருங்கள்.

வேலையைப் பிரிக்கும்போது கூரையும் தண்ணீர் வடியும் வழியும் முதல் கட்டம், சுவர் இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் சுண்ணாம்பு வேலை தொடங்கினால் ஈரச்சாக்கு போட்டும் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் கூரையைத் திறக்கவே முடியாது. தை பிறந்ததும் தொடங்குவதுதான் வசதி. அப்படியானால் கடன் மனு ஆடியிலேயே போயிருக்க வேண்டும்.

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு காகிதமும் உண்டு. 2010-ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்றோடு அனுமதி உண்டு. அந்தத் தேதிக்கு முந்தையது என்று காட்டப் பழைய சொத்து வரிப் பதிவேட்டு நகல் உதவும். சான்று வராமல் வங்கி முதல் தவணையைக்கூட விடாது.

வங்கிக் கடன்

கேட்க வேண்டியது வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன், தனிநபர்க் கடன் அல்ல. தனிநபர்க் கடனுக்குப் பத்திரம் வேண்டாம், ஆனால் வட்டி அதிகம், காலம் குறைவு, தவணை கழுத்தை நெரிக்கும். பழுதுபார்ப்புக் கடனில் பத்திரத்தை ஒப்படைத்ததற்குப் பதிவு உண்டு. அதற்குக் கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் தனி.

5 லட்சம், 9 சதவீத வட்டி, 7 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,045. முதல் ஆண்டு கட்டுவது 96,500 சொச்சம், அதில் வட்டி மட்டும் ஏறக்குறைய 42,800. தானே குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்குப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 வரைதான் வட்டிக் கழிவு. புதிய வரிமுறையில் அதுவும் இல்லை. எல்லோரும் சொல்லும் 2 லட்சம் என்பது வாங்குவதற்கும் கட்டுவதற்கும்தான். வாடகைக்கு விட்ட வீடென்றால் வாடகையில் 30 சதவீதம் நிலைக்கழிவு, அதற்கு மேல் வட்டியையும் கழிக்கலாம்.

பணம் ஒரே தடவையில் வராது. வேலை முடிந்த அளவுக்குப் போட்டோவும் பில்லும் காட்டினால் அடுத்த தவணை. சுண்ணாம்புக் கொத்தனாரும் மரத் தச்சரும் ஜி.எஸ்.டி. பில் தரமாட்டார்கள். அவர்கள் கூலியை வங்கி மூலம் அனுப்பி, அளவு எழுதிய வவுச்சரில் கையெழுத்து வாங்கிவையுங்கள். இப்படிச் செய்தால் ஏற்பீர்களா என்று கிளை மேலாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது. இரண்டு தவணைக்கு நடுவில் வேலை நிற்காமலிருக்க நகைக்கடன் கைகொடுக்கும். அடுத்த தவணை வந்ததும் நகையை மீட்டுவிட வேண்டும். அதையே நீண்ட காலக் கடனாக ஓட்டக்கூடாது.

அதிக வட்டி ஆசை காட்டும் நிதி நிறுவனத்தில் பணத்தைப் போட்டு அந்த வட்டியில் வீட்டைக் கட்டலாம் என்ற யோசனையின் ஆபத்தை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதிவான சீட்டு என்றால் பரவாயில்லை. 1982 சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா, நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

உறவுப் பணம்

வெளிநாட்டில் இருக்கும் தம்பி, அக்கா, மாமா கொடுப்பதுதான் பல வீடுகளின் உண்மையான மூலதனம். வருமான வரிச் சட்டம் சொல்லும் 'உறவினர்' கொடுத்தால் எவ்வளவு தொகைக்கும் வரி இல்லை. பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சித்தப்பா கொடுத்தால் வரி இல்லை. சித்தப்பா மகன் கொடுத்தால், அந்த ஆண்டில் இப்படி வெளியாரிடம் வாங்கிய மொத்தம் 50,000-ஐத் தாண்டினால், முழுத் தொகைக்கும் வரி. ஊர்க்காரர்களிடம் இணையத்தில் நன்கொடை திரட்டித் தன் வீட்டைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். எனவே சித்தப்பா மகன் தருவதைக் கடனாக எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாற்றாக ரொக்கத்தில் வாங்கினால் அதே அளவு அபராதம் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அதற்குத் தனிச் சட்டம், ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

போகியம், வாடகை

மாடியையோ பின்கட்டையோ மூன்று ஆண்டு போகியத்துக்கு விட்டு, அந்தத் தொகையில் கூரை போடுவது இங்கே பழகிய வழி. வட்டி இல்லை, வாடகையும் இல்லை. ஆனால் 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது செல்லாது. சட்டத்தின் பார்வையில் அது சுவாதீன அடமானம் (வீட்டை அனுபவிக்கக் கொடுத்து வாங்கும் கடன்). பதிவு செய்ய வேண்டும். போகியத்தில் இருக்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்பதால் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடாதீர்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும். அடுத்த போகியக்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கு, ஆள் கிடைக்காத ஒரே ஒரு வருடத்தில் உடைந்துவிடும்.

வேலூர் நகரத்துக்குள் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அறை வேண்டும். முற்றமும் சமையலறையும் உள்ள பழைய வீட்டை அவர்கள் விரும்பி எடுக்கிறார்கள், தாங்களே மீன் சமைத்துக்கொள்ளலாமே. முதல் கட்டக் கடனை இரண்டு அறை வாடகையிலேயே கட்டுகிற வாய்ப்பு இது. வங்கதேசத்தவர் போன்ற வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், தவறினால் போலீஸ் வழக்கு. நாள் வாடகைக்கு மாறினால் சொத்து வரியும் மின் கட்டணமும் வணிக வீதத்துக்குப் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுக்காரர் குடியிருந்துகொண்டே 1 முதல் 6 அறை விடுவதற்குச் சுற்றுலாத் துறைப் பதிவு உண்டு. 'பாரம்பரிய ஹோட்டல்' தகுதிக்கு 1950-க்கு முந்தைய கட்டடமும் குறைந்தது 5 அறையும் வேண்டும்.

நிறுவனப் பணம்

தோல் தொழிற்சாலைகளும் பெரிய ஆலைகளும் இருக்கும் பகுதி என்பதால் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்கலாமா என்ற ஆசை வரும். வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களை மீட்பது கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டாக வேண்டும். ஆனால் பணம் வரி விலக்கும் சி.எஸ்.ஆர். பதிவும் உள்ள அமைப்புக்குத்தான் போகும், குடும்பத்துக்குப் போகாது. குடும்பமே அறக்கட்டளை தொடங்கி, வீட்டை அதற்கு வாடகைக்குக் கொடுத்து, நிதியில் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். நிறுவனருக்கோ உறவினருக்கோ பலன் போனால் அறக்கட்டளையின் வரிவிலக்கே பறிபோகும். நூலகம், நெசவுக் காட்சிக்கூடம், பள்ளி என்று பொதுமக்கள் வந்துபோகும் இடமாக வீட்டை உண்மையிலேயே விடத் தயாரென்றால் மட்டும் இந்தப் பாதை. அதைவிட எளிது, ஏற்கெனவே நடக்கும் ஒரு அமைப்புக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்து, பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழித்துக்கொள்வது. ஓராண்டுக்கு மேல் என்றால் குத்தகையைப் பதிவு செய்யுங்கள். என்னென்ன வேலை, எந்தப் பொருளில், சிமென்ட் எங்கெல்லாம் கூடாது என்பதை இணைப்பாக எழுதிவிடுங்கள்.

கூரைக்குப் பணம் வேண்டும் என்று தூணையும் கதவையும் விற்பது மட்டும் வேண்டாம். பழைய மர வியாபாரி கொடுக்கும் விலையில் அதே அளவு புதுத் தேக்கு வாங்க முடியாது. கட்டடத்திலிருந்து பெயர்த்த 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள், 1972 தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரும். அதை வாங்கி விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு.

கடனுக்குப் பத்திரங்களை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, தாள்களின் எண்ணிக்கையோடு பட்டியல் எழுதி, வங்கியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நூறு வருடத் தாள் கோப்பில் மடிந்து கிழியும். கடன் முடிந்ததும் அடமான ரத்து ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கத்தில் ஏறியதா என்று பாருங்கள். அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. கடைசித் தவணை கட்டிய அன்றே தேதி போட்ட கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கிவையுங்கள்.